எல்லாப்பிரகட சுப்பாராவ் சரிதம்

சோறு உண்பார் எல்லாரும் உழுதவனை நினைப்பதில்லை. மருந்து உண்பார் எல்லாரும் அதனைக் கண்டவனை நினைப்பதில்லை. உழவனையாவது வயல் வழியே செல்வோர் ஒருகாற் காண்பர். மருந்து கண்டவனோ ஆராய்ச்சிசாலையின் நான்கு சுவர்களுக்குள்ளே உழைத்து, அங்கேயே முதுமையெய்தி, பெயரும் அறியப்படாமலே மறைந்து விடுகின்றான். அங்ஙனம் மறைந்தாருள் ஒருவர் நம் சென்னையிலே பயின்றவர். நம் அண்டை நாட்டிலே பிறந்தவர். அவருடைய சரிதத்தை நம் மாணவ நண்பர்க்கு எடுத்துரைத்தல் நம் கடன் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் ஓர் ஊரைச் சொல்லித் தொடங்குவோம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையிலே, தமிழகத்தின் எல்லையில் ஓசூர் நகரம் இருக்கின்றது. அதற்கப்பால் அத்திப்பள்ளி, அவ்விடத்தே கருநாடகம் தொடங்குகின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. விடியுமுன்னே தொழிற்சாலைப் பேருந்துகள் சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் முதலிய ஊர்களிலிருந்து ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு சிப்காட் தொழிற்பேட்டைக்கு விரைகின்றன. அப்பேருந்தில் அமர்ந்திருக்கும் கருவுற்ற பெண்ணின் கைப்பையிலே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை இருக்கின்றது. அதனுள் போலிக் அமிலம் கலந்திருக்கின்றது. அவள் வீட்டிலே முடக்குவாதத்தால் விரல் மடங்கிய பாட்டி, வாரத்திற்கு ஒருநாள் மட்டும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையை விழுங்குகின்றாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய். அதே மருந்தை ஊசியாக ஏற்றிக்கொள்ள எல்லை கடந்து பெங்களூர் செல்கின்றது. யானைக்கால் நோய் பரவிய மாவட்டங்களிலே அரசாங்கத்தார் வீடுதோறும் வழங்கிய மாத்திரை வேறொன்று. முகப்பருவுக்கும் நெஞ்சுச்சளிக்கும் வைத்தியர் எழுதித்தரும் டெட்ராசைக்ளின் இன மருந்து மற்றொன்று. இவை யாவும் வெவ்வேறு மரத்துக் கனிகள் போலத் தோன்றினும், வேரைத் தேடிச் செல்வோமாயின் ஒரே மனிதரின் மேற்பார்வையில் நடந்த ஆராய்ச்சியிற் போய் முடிவோம். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்திலே பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்தவர். நோயுற்று முன்னதாகவே உத்தியோகத்தை விட்டவர். பிள்ளைகள் எழுவர். குடும்பத்தின் பாரம் முழுவதும் தாயார் தலைமேல் விழுந்தது.

சிறுவராயிருந்தபோது சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். தாயார் அவரைப் பிடித்துவந்து மீண்டும் பள்ளியிலே சேர்த்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பரீட்சையில் தவறியதற்காக வாழ்க்கையே தவறிவிட்டதென்று மனம் உடையும் நண்பர் நம்மிடையே உண்டு. அவர்கள் இச்செய்தியை நினைவிற் கொள்வாராக.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பிற் பயின்றார். அக்காலத்தே இராமகிருஷ்ண மடத்தின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. உலகைத் துறந்து சந்நியாசியாக வேண்டும் என்னும் விருப்பம் உள்ளத்திலே வேரூன்றியது. தாயார் இசையவில்லை. துறவி ஆகாவிடினும் பிறர் துயர் துடைக்கும் தொழிலையேனும் மேற்கொள்வோம் என்று எண்ணிச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். துறவுக்குரிய உள்ளம் வைத்தியத்திற் புகுந்ததனால் அவருடைய வைத்தியமே ஒரு தவமாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

அந்நாளில் காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்தது. சுப்பாராவ் அந்நியத் துணியை விலக்கிக் கதராடை உடுத்தார். அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்கும் கதராலான மேலாடையையே அணிந்து சென்றார். ஆங்கிலேய அறுவைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்கு விடையளித்திருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கொடாமல் அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கொடுத்தனர். ஒரு மேலாடையின் விலை ஒரு பட்டமாயிற்று. அப்பட்டக் குறைவினால் அரசாங்க மருத்துவ உத்தியோகம் கிட்டாது போகவே, ஆசந்த லட்சுமிபதி என்னும் பெரியார் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதனிடையே 1919-ஆம் ஆண்டு சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். இல்லறம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளே இடி விழுந்தது. 1921-ஆம் ஆண்டில் அவருடைய சகோதரர் இருவர், சில நாள் இடைவெளியில், ஸ்ப்ரூ என்னும் வயிற்றுக்கழிச்சல் நோயால் மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல், நாப் புண்ணாகி, இரத்தம் வற்றி, உடல் உருகி இறக்கச் செய்யும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. லட்சுமிபதியாரின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார். தாம் கற்ற மேனாட்டு வைத்தியத்தில் தம் சகோதரர்க்கு மருந்தில்லை. தமக்கு உயிரளித்த மருந்து ஏன் உயிரளித்தது என்பதற்கும் விடையில்லை. விடையில்லாத வினா ஒன்று உள்ளத்திலே தைத்துவிட்டால் அம்முள்ளை வெளியே எடுத்தாலன்றி உறக்கம் வராத மனிதர் சிலர் உண்டு. சுப்பாராவ் அத்தகையோர்.

அமெரிக்கா செல்ல முடிவு செய்தார். கையிற் பொருளில்லை. காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும நிதியும் மாமனாரும் உதவ, 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் பாஸ்டன் நகர் சேர்ந்தார். கருவுற்றிருந்த மனைவியைத் தாய்நாட்டிலே விட்டுச் சென்றார். பின்னர்ப் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிறையுமுன்னே இறந்தது. தந்தை மகன் முகத்தைக் கண்டதில்லை.

ஹார்வர்ட் சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியிற் படித்துக்கொண்டே, இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளரின் மலசல பாத்திரங்களைக் கழுவி வயிறு வளர்த்தார். பகலில் வைத்தியப் பட்டம் பெற்ற மாணவர். இரவில் தோட்டி வேலை செய்யும் ஊழியர். தொண்டில் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையிற் பேசுவது எளிது. அந்நிய நாட்டுக் குளிரிலே அதனைச் செய்து காட்டுவது அரிது.

அதன்பின் ஸைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரின் உயிர் இரசாயன ஆராய்ச்சிசாலையிற் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்பதை நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளந்தறியும் முறையை இருவரும் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது இன்றும் பிஸ்கே சுப்பாராவ் முறை என்றே வழங்குகின்றது. அந்த அளவுகோலைக் கையிற் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனியே ஏ.டி.பி.யை அதே ஆண்டிற் கண்டார். நாம் கையை உயர்த்துவதற்கும், கண்ணை இமைப்பதற்கும், இவ்வரியைப் படிப்பதற்கும் உடலுக்குள் செலவாகும் நாணயம் அந்த ஏ.டி.பி.யே. தசை இயங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அதுவரை அறிஞர் கொண்டிருந்த கொள்கை இக்கண்டுபிடிப்புக்களால் நிலைகுலைந்தது. 1930-இல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. நிலையான ஆசிரியப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. அவர் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றாரல்லர். இறுதிவரை அயலாராகவே வாழ்ந்தார்.

1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே அவர் கையாண்ட முறை, பல்வேறு துறை அறிஞரை ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்து, ஒவ்வொருவர்க்கும் உரிய பணியைக் கொடுத்து, தாம் இடையே நின்று இணைப்பது. இனி நாம் கூறப்போகும் மருந்துகள் அவர் தனியொருவராகக் கண்டவை அல்ல. அவர் தலைமையிற் பலர் கூடிக் கண்டவை. பிறர்க்குரிய புகழை அவர்க்குச் சூட்டுவது அவர் விரும்பாத ஒன்று. தமக்குரியதையும் அவர் தேடியவரல்லர்.

முதலாவது போலிக் அமிலம். இதற்கும் இந்தியாவிற்கும் ஓர் உறவு உண்டு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாய் நூற்பாலைகளில் உழைத்த கருவுற்ற ஏழைப் பெண்கள் இரத்தசோகையால் மடிவதைக் கண்டு, ஈஸ்ட் சத்தைக் கொடுத்து அவர்களைக் காப்பாற்றினார். அச்சத்தினுள் இருக்கும் பொருள் யாது என்பது அப்போது தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1945-இல், சுப்பாராவின் குழுவினர் அப்பொருளாகிய போலிக் அமிலத்தை ஆராய்ச்சிசாலையிலேயே செய்துமுடித்தனர். அது ஸ்ப்ரூ நோயாளரின் இரத்தத்தை மீட்டது. சகோதரரைக் கொன்ற நோய்க்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து மருந்து வந்தது. அம்மருந்தே ஓசூர்ப் பேருந்தில் செல்லும் பெண்ணின் கைப்பையில் இன்று இருக்கின்றது. பம்பாய் ஆலைப்பெண்ணுக்கும் ஓசூர் ஆலைப்பெண்ணுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு; இருவரையும் இணைக்கும் நூல் ஒன்றே.

இரண்டாவது, முதலாவதன் மறுபுறம். செல்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் வேண்டும். அங்ஙனமாயின், அதைப் போன்ற உருவமுடைய ஒரு போலிப் பொருளைச் செய்து கொடுத்தால், வெறிகொண்டு பெருகும் புற்றுநோய்ச் செல்கள் அதனை மெய்யென நம்பி உட்கொண்டு வளர்ச்சியற்றுப் போகுமன்றோ? திறவுகோல் போன்றே தோன்றும் பொய்த் திறவுகோல் பூட்டினுள் சிக்கி அதனைத் திறவாமற் செய்வது போன்றது இது. இங்ஙனம் பிறந்தது அமினாப்டெரின், அதையடுத்து மெத்தோட்ரெக்ஸேட். பாஸ்டனில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரினைக் கொடுத்து, அவர்களுள் 10 குழந்தைகள் சிறிது காலம் தேறியதை 1948 ஜூனில் வெளியிட்டார். அதுவரை அந்நோய்க்குக் கண்ணீரன்றி வேறு மருந்தில்லை.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ராஸான். 1947-இல் வெளிவந்த இம்மருந்தே டி.இ.சி. என்னும் பெயரால் நம் நாட்டிற் கோடிக்கணக்கானவர்க்கு வழங்கப்பட்டது. நான்காவது ஆரியோமைசின். எழுபது வயது நிரம்பிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரநூற் புலவரைச் சுப்பாராவின் ஆராய்ச்சிசாலை வரவேற்றது. அவர் பல ஊர் மண்களைச் சோதித்து, மிசூரி நாட்டு வயல் மண்ணிலே பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைக் கண்டு, அதனின்றும் அம்மருந்தை எடுத்தார். டெட்ராசைக்ளின் இனத்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுள் அதுவே மூத்தது. பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகளை அடக்கியது. 1948 ஜூலையில் அதனை உலகறிய அறிவித்தனர். அடுத்த மாதமே, ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். வயது 53. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையச் சில நாட்களே இருந்தன. கதராடைக்காகப் பட்டமிழந்தவர் விடுதலை பெற்ற நாட்டின் மண்ணை மிதிக்கவில்லை.

மனிதர் சரிதம் மரணத்தோடு முடியும். மருந்தின் சரிதம் முடிவதில்லை. அவர் விட்டுச்சென்ற இரு குடும்பங்களாகிய புற்றுநோய் மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் பிற்காலத்தில் நோயாளியின் தோலுக்கடியிலேயே ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பின் கதையையும் சொன்னாலன்றி இச்சரிதம் நிறைவுறாது.

மெத்தோட்ரெக்ஸேட் இரத்தத்தில் ஓடினும் மூளைக்குள் எளிதிற் புகாது. புற்றுநோய்ச் செல்கள் அங்கே ஒளிந்துகொள்ளும். 1963-இல், இந்நாளைய பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபிலே பிறந்த அயூப் ஒம்மாயா என்னும் மூளை அறுவை மருத்துவர், தலைத்தோலின் அடியிற் பதிக்கும் சிறு குமிழ் ஒன்றை அமைத்தார். அதினின்று செல்லும் நுண்குழாய் மூளையின் நீரறையை அடைகின்றது. குமிழில் ஊசியால் மருந்தை ஏற்றினால் அது நேரே மூளைநீரிற் கலக்கும். பின்னர் நெஞ்சிலும் வயிற்றிலும் தோலடியிற் பதித்து, நாள்தோறும் சிறிது சிறிதாக மருந்து சொரியும் பொறிகளும் வந்தன. கிணற்றை வீட்டுக்குள்ளேயே வெட்டிக்கொண்டது போன்ற வசதி இது.

ஆயினும், கிணறு கெட்டால் வீடே கெடும். உடலுக்குள் பதித்த எப்பொருளின்மேலும் கிருமிகள் வந்து ஒட்டி, வழுவழுப்பான படலம் ஒன்றைப் போர்த்துக்கொண்டு அதனுள்ளே குடியிருக்கும். கல்மேற் பாசி படிவதை ஒக்கும் அது. அப்படலத்துள் ஒளிந்த கிருமியை நுண்ணுயிர்க்கொல்லியும் எளிதில் அணுகமுடியாது. பலபோது பொறியையே எடுத்தெறிய நேரும். ஆதலின் எந்தப் பொறிக்கு எந்த மருந்து பொருந்தும் என்னும் ஆராய்ச்சி எழுந்தது. நீரிற் கரைத்த பெனிசிலின் உடற்சூட்டிலே சில நாளில் வலிமை இழந்துவிடும். வாரக்கணக்கில் மருந்தைச் சேமித்து வைக்கும் பொறிக்கு அது பொருந்தாது. ஜென்டாமைசின் சூட்டைத் தாங்கும். எலும்பு மூட்டு பதிக்கும் சிமெண்டு இறுகும்போது எழும் வெப்பத்திலும் அது அழிவதில்லையாதலின் அச்சிமெண்டிலேயே அதனைக் கலக்கின்றனர். கையிலே ஏற்றும் ஊசிமருந்திற் கெடாமைக்காகச் சேர்க்கும் சில பொருள்கள் மூளைநீரிற் சேர்ந்தால் நரம்புக்குக் கேடு விளைவிக்கும். ஆதலின் மூளைக்குரிய மெத்தோட்ரெக்ஸேட்டும் நுண்ணுயிர்க்கொல்லியும் அவை கலவாமல் தனியே செய்யப்பட வேண்டும். பெனிசிலினையே மூளைநீரில் மிகுதியாக ஏற்றினால் வலிப்பு வரும். கைக்கு அமுதம் தலைக்கு நஞ்சு.

இப்பாசிப்படலத்தை எதிர்க்க வந்த மருந்துகளுள் மினோசைக்ளின் ஒன்று. ஆரியோமைசினின் வழித்தோன்றலாகிய அதனை 1960-களில் செய்ததும் அதே லெடர்லி ஆராய்ச்சிசாலைதான். அதனையும் ரிபாம்பிசினையும் குழாய்களின்மேல் பூசி வைத்தாற் கிருமி ஒட்டுவது குறைகின்றது. அவ்விரு மருந்தும் தோய்ந்த வலைப்பையிலே இதய இயக்கிப் பொறியை இட்டுப் பதிக்கும் முறையை 6,983 நோயாளரிடம் சோதித்து, கடுமையான கிருமித்தொற்று நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்ததென்று 2019-இல் வெளியிட்டனர். மிசூரி வயல் மண்ணிற் கண்ட பொன்னிற உயிரின் பேரப்பிள்ளை இன்று மனித இதயத்தின் அருகே காவல் நிற்கின்றது.

காவலர் எல்லாரும் ஒருவரோடொருவர் நட்புடையர் என்று எண்ணிவிடலாகாது. ஹார்வர்டில் பிஸ்கேயின் ஆராய்ச்சிசாலையிலே சுப்பாராவ் உழைத்த காலத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்னும் இளைஞரும் அங்குப் பயின்று 1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அவருடைய குழுவினர் டிரைமெதோப்ரிம் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டனர்; 1988-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. டிரைமெதோப்ரிம் கிருமியைக் கொல்வதும் போலிக் அமிலத்தின் வழியை அடைப்பதனாலேயே. மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே வழியையே அடைக்கின்றது. ஆதலின் இவ்விரண்டையும் ஒருங்கே உண்டவரின் எலும்பு மச்சை இரத்தம் ஊறும் தொழிலையே நிறுத்திவிடக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரும். பெனிசிலின் இன மருந்துகளும், சிறுநீரகத்தின் வழியே மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதைத் தடுத்து அதனை உடலிலே தேக்கக்கூடும். ஒரே பள்ளியில் உருவான இரு மருந்துகள் ஒரு வீட்டிற் கூடி வாழ இயலாதவையாய் முடிந்தன. அந்நச்சுக்கு மாற்றாகக் கொடுப்பது போலினிக் அமிலம். அதுவும் போலிக் அமிலத்தின் உறவே. பூட்டும் திறவுகோலும் ஒரே கருமான் பட்டறையில் அடித்தவை போலும்.

இங்கே நாம் மீண்டும் ஓசூருக்குத் திரும்புவோம். அவ்வெல்லைப்புறத்து மக்கள் பெரிய நோய்க்குப் பெங்களூர் செல்கின்றனர். சிறு நோய்க்கு ஊரிலுள்ள மருந்துக்கடைக்குச் செல்கின்றனர். ஒரு மாநிலத்து வைத்தியர் எழுதிய சீட்டை மறு மாநிலத்து வைத்தியர் காண்பதில்லை. பெங்களூரிலே மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்ஸேட் பெற்றுவரும் பாட்டிக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்தால், வீட்டார் கடையிற் கேட்டு வாங்கும் மாத்திரையினுள் டிரைமெதோப்ரிம் இருக்கக்கூடும். வாரத்திற்கு ஒருமுறை உண்ணவேண்டிய மாத்திரையை எழுத்தறியாமையால் நாள்தோறும் உண்டு உயிரிழப்பதும் உண்டு. எல்லைக்கோடு சாலையில் இருக்கின்றது. நோயாளியின் இரத்தத்தில் எல்லைக்கோடு இல்லை. ஆதலின் நம் வீட்டு முதியோர் உண்ணும் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி, எந்த வைத்தியரிடம் சென்றாலும் அதனைக் காட்டச் செய்வது படித்த பிள்ளைகளாகிய நம் கடமை. உடலில் பதித்த பொறி ஏதேனும் உண்டாயின் அதனையும் மறவாமற் சொல்லவேண்டும். ஒரு தாள், ஒரு பென்சில்: இவற்றாற் காக்கப்படும் உயிர்கள் உண்டு.

சுப்பாராவின் குணத்தை நிறுக்கப் புகுந்தால் நம் தராசு சற்றே தடுமாறுகின்றது. பணத்தையும் புகழையும் பதவியையும் அவர் பொருட்படுத்தவில்லை என்பது உண்மை. அதுபோலவே, கடல் கடந்து சென்றவர் மனைவியிடம் திரும்பவேயில்லை என்பதும் உண்மை. இருபத்தாறு ஆண்டுகள் சேஷகிரி அம்மையார் கணவர் வரவை நோக்கி வாழ்ந்தார். உலகத்துக் குழந்தைகளுக்கு மருந்து தேடியவர் தம் குழந்தையின் சவக்குழியைக் கண்டதில்லை. பெரும்பணிக்கு இதுவே விலை என்று எளிதிற் கூறிவிடலாம். அவ்விலையைக் கொடுத்தவர் அவர் மட்டுமல்லர்; கேளாமலே அவர் மனைவியிடமும் வாங்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. ஆதலின் சுப்பாராவுக்கு நாம் செலுத்தும் நன்றியிலே பாதியைச் சேஷகிரி அம்மையாருக்கும் செலுத்துவோமாக. குற்றமற்ற தெய்வமாக அவரைப் பூசிப்பதினும், ஒரு பெரும்பணிக்குத் தம்மையும் தம்மைச் சார்ந்தாரையும் கொடுத்துவிட்ட மனிதராக அவரை அறிவதே உண்மைக்கு ஏற்றது.

அவர்க்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. மாண்ட பின்னர், 1953-இல், ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசஸ் என்று பெயரிட்டனர். 1995-இல் அவருடைய நூற்றாண்டு விழாவையொட்டி இந்திய அரசாங்கம் தபால்தலை வெளியிட்டது. இவற்றினும் பெரிய நினைவுச்சின்னம் ஒன்றைத் தற்செயலாக நாட்காட்டியே அமைத்திருக்கின்றது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட தமிழகத்தின் பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டது 2022-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள். அது சுப்பாராவ் பிறந்த நாள். அந்நாளைத் தேர்ந்தவர் அதனை எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் அக்கல்லூரியிற் பயிலும் மாணவன் ஒருவன், தேர்வில் ஒருமுறை தவறிச் சோர்ந்திருக்கும் மாலைப்பொழுதில், மும்முறை எழுதித் தேறிய அம்மனிதரை நினைப்பானாயின், அந்நாட்பொருத்தம் வீண்போகாது.

நம்மவரிற் சிலர் வைத்தியராவர். சிலர் ஆலைகளிற் பணியாற்றுவர். தமிழ் பயிலும் நாமோ சொல்லை ஆளும் தொழிலிற் புகுவோம். மருந்தைக் காணும் ஆற்றல் நமக்கு இல்லை. மருந்தின் பெயரை முதியவர்க்குப் படித்துச் சொல்லவும், அதன் நன்மை தீமைகளைத் தாய்மொழியில் விளங்க எழுதவும் நமக்கு ஆற்றல் உண்டு. பெற்ற தாலந்தை மண்ணிற் புதையாமல் வழங்குதலே நம் ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்ப்பது. அவரவர்க்கு அளிக்கப்பட்டது எதுவோ அதனைக் கொண்டு பிறர் துயர் துடைப்போமாக. சுப்பாராவின் சரிதம் நமக்குக் கற்பிப்பது இதுவே.